காதில் விழாத சேதி

மின்விசிறி நின்றதும் அறையில் ஒளிந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சுவரில் பல்லி, பக்கத்து வீட்டில் மிக்ஸி, தெருவில் கோலப்பொடி வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி. கோமதிநாயகம் மல்லாந்து கிடந்தார். புரளக் கூடாது, குனியக் கூடாது, தும்மலை அடக்க வேண்டும், தலையில் தண்ணீர் படக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது என்று கண்ணாஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண் விரல் மடக்கிச் சொல்லி அனுப்பியிருந்தாள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். பெண்டாட்டி ஆவுடைத்தாய் செத்த அன்றைக்கே அழாதவர் அவர். வலது கண்ணில் கட்டு. இடது கண்ணை அடுத்து அறுக்கலாம் என்று விட்டிருந்தார்கள், அதில் உலகம் நீராகாரம் போலக் கலங்கித் தெரிந்தது. தை பிறந்தும் வெக்கை குறையவில்லை, பனியனுக்குள் வேர்வை ஊர்ந்தது. எல்லாம் மருமகள் பாடத்துக்காக. அருள்செல்வி பள்ளிக்கூடத்து டீச்சர். பாடத்தைப் பேசிப் போனில் பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்புவாள். மின்விசிறி சத்தம் பாடத்தில் விழுகிறதாம். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, திரைச்சீலைதான், அதனால் இங்கேயும் நிறுத்த வேண்டுமாம். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். குரலில் வழக்கமான ஒட்டுதல் இல்லை. காலையில் அவர் சொன்ன பதிலால் இருக்கும். காலையில் கட்டில் தலைமாட்டில் வந்து நின்று, தயங்கித் தயங்கி, "மாமா, இவுக தாய்மாமா உங்களைப் பாக்கணும்னு கேக்காக. என்ன சொல்லட்டும்?" என்றாள். மகனுக்குத் தாய்மாமாவாம். உச்சிமாகாளி. அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்பது வாழ வந்த இவளுக்கும் தெரியும். "அவன் எதுக்கு வாரான்? எனக்குக் கண்ணு போயிட்டுதான்னு பாக்கவா? வாசலோட போகச் சொல்லு" என்று வீடு அதிரச் சொன்னார். அவள் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வாசல் கேட்டின் கொண்டி விழும் சத்தம் கேட்டது. பால்காரனாக இருக்கும். அப்புறம் வெயிலேறி அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஏதும்மா இது என்று கேட்டதற்கு, வந்துச்சு மாமா என்றதோடு சரி. நல்ல கிழங்கு. தேரிக்காட்டுச் செம்மண்ணில் விளைந்ததற்குத்தான் அந்த இனிப்பு உண்டு. இந்த ஊர்ச் சந்தைக்கு அந்தச் சரக்கு வருகிறதா என்ன. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்ததை நாரோடு மென்று தின்றார். ஒரு நார் கடைவாய்ப் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. நாக்கு அதைப் போய்ப் போய்த் தொட்டது, இழுத்தது, விட்டது. குச்சி வைத்துக் குத்தலாம் என்றால் தலையைச் சாய்க்கக் கூடாது.

திரைக்கு அந்தப் பக்கம் அருள்செல்வி தொண்டையைச் செருமினாள். மாணவர்களே, இன்று நாம் மர்மக் கதையின் கூறுகளைப் பார்ப்போம் என்று தொடங்கினாள். வீட்டில் பேசும் குரல் இல்லை, விபூதி பூசிக்கொண்ட மாதிரி ஒரு குரல். கோலப்பொடிக்காரன் குறுக்கே வந்தான். மறுபடியும் மாணவர்களே. கோமதிநாயகம் மூன்றாவது வகுப்போடு நின்றவர். பருத்தி ஆலையில் பொதி தூக்கி, அப்புறம் பொதியை எடை போட்டு, அதிலேயே ஆயுசு கழிந்தது. தினசரிப் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பார். கொலை, களவுச் செய்தி என்றால் கூட்டாமலே படிப்பார். அதனால் காது தானாக அந்தப் பக்கம் போயிற்று. ஒரு பெரிய வீடு. கூடத்தில் பரம்பரையாக வந்த சுவர்க்கடிகாரம். ஒருநாள் விடிந்து பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. வீட்டுக்காரர் ராசப்பா எல்லோரையும் விசாரிக்கிறார். எல்லோரும் பேசுகிறார்கள், காவல்காரன் செல்லையா மட்டும் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். இதில் என்ன மர்மம் இருக்கிறது என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றியது. குனிந்து நிற்கிறவன் எடுத்திருக்கிறான். இதற்கு ஒரு பாடம், அதற்கு ஒரு டீச்சர், அதற்காக ஒரு மனுஷன் வெந்து சாக வேண்டும். பாடத்தை முடித்துவிட்டு அருள்செல்வி மாகாளிக்குப் போன் போட்டு, வர வேண்டாம் மாமா என்று சொல்லுவாள். அவன் மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புகிறவனாக இருக்கும். சொல்லட்டும். நன்றாகச் சொல்லட்டும். நாக்கு நாரைத் தொட்டது.

முதலாவது, கதைக்களம் என்றாள். கதை எங்கே, எப்போது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும், களம் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. களம் என்றதும் அவருக்குக் கிணற்றடி வந்துவிட்டது. வேறெது வரும். பழைய ஊரில் வீட்டுக்குப் பின்னால் கல் கட்டிய கிணறு, துவைகல், துவைகல்லை ஒட்டி வாழைக்குப் போகும் வாய்க்கால். கணபதிக்குக் காதுகுத்து. மகன் அப்போது தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிற பிள்ளை. விடிந்ததும் மொட்டை போட்டுக் குளிப்பாட்டினார்கள். கோமதிநாயகத்தின் அப்பா போட்ட சங்கிலி கழுத்தில் கிடந்தது. மயிர் ஒட்டுகிறது என்று கழற்றித் துவைகல்லில் வைத்தது. வைத்தது யார் என்பதில் மனசு எப்போதும் போல ஒரு எட்டு தாண்டிப் போயிற்று. வைத்தது. பந்தலில் கொட்டுச் சத்தம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் முன்னால் ஓடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மாகாளி வந்தான். ஆவுடையின் ஒரே தம்பி, பிள்ளைக்கு மாமன், அவன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், அவன் கொண்டுவரும் தோடுதான் காதில் ஏற வேண்டும். வருகிறவன் வாசல் வழியாக அல்லவா வர வேண்டும். சீர்த்தட்டை வாசலில் யார் கையிலோ கொடுத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனான். கட்டிய வேட்டியோடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றினான். விசேஷ வீட்டுக்கு வருகிறவன் ஊரிலேயே குளித்துவிட்டு வரமாட்டானா? ஈரம் சொட்ட முன்னால் வந்து பந்தக்காலுக்கு வெளியே நின்றான். உன் பெண்டாட்டி எங்கடே என்று யாரோ கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில இருக்கா, இன்னும் ஆகலை என்றான். நிறை மாசம் என்று எல்லோருக்கும் தெரியும். தம்பிக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்தால் என் கணபதிக்குத்தான் என்று ஆவுடை அதற்குள்ளேயே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

வெளியே பழைய இரும்பு வாங்குகிறவன் வந்தான். அருள்செல்வி உச்சுக் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்கினாள், மறுபடியும் களம், மறுபடியும் கிணற்றடி, கோமதிநாயகமும் அவளோடு சேர்ந்து திரும்பிப் போய் அந்த ஈர வேட்டியைப் பார்த்தார். இரண்டாவது, கதைமாந்தர். மூன்றாவது, தடயம். ஒரு பொருள், ஒரு சொல், ஒரு செய்கை, எதுவும் தடயமாகலாம். எழுத்தாளர் அதை மறைத்து வைப்பதில்லை, நம் கண்முன்னே எல்லோருக்கும் தெரியும்படி போட்டுவிடுகிறார், நாம்தான் தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டினவன் நானில்லை என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார். எல்லாத் தடயத்தையும் அன்றைக்கே பொறுக்கினவர் அவர். பிள்ளையை மடியில் வாங்குடே என்றால் மாகாளி இரண்டு எட்டுப் பின்னால் போனான். எனக்கு உடம்பு சுகமில்லை, பெரியண்ணன் மடியில வையுங்க என்று சித்தப்பா மகனைக் கைகாட்டினான். சொந்த மாமன் கல்லு மாதிரி நிற்க, ஆசாரி வேறு மடியில் வைத்துக் குத்தினார். கணபதி வீறிட்டு அழுதபோது அவன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பந்தியில் இலை போட்டுக் கூப்பிட்டார்கள், வரவில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள், தொடவில்லை. திருடின வீட்டில் கை நனைக்க எவனுக்கு மனசு வரும். இதற்குள் அப்பா, பிள்ளை கழுத்தில் சங்கிலி எங்கே என்று கேட்டுவிட்டார். அப்பா கேட்டால் வீடு மூச்சு விடாது. துவைகல்லில் இல்லை, வாய்க்காலில் தடவிப் பார்த்தார்கள், இல்லை. கிணற்றடிக்கு யார் போனது, கடைசியாக அங்கே நின்றது யார் என்ற பேச்சு எழுந்தது. யாரும் பெயர் சொல்லவில்லை. கோமதிநாயகம்தான் போய் மாகாளியின் கையில் இருந்த பையைப் பிடுங்கி, பந்தலுக்கு நடுவே தலைகீழாகப் பிடித்து உதறினார்.

உதறினார், உதறினார். அது மட்டும் இன்றைக்கும் கையில் இருக்கிறது, அந்தப் பையின் கனமின்மை. குளிக்கக் கழற்றிய சட்டை விழுந்தது. ஒரு துண்டு. பஸ் டிக்கெட்டு. அப்புறம் ஒரு பாலாடை, புத்தம் புது எவர்சில்வர் பாலாடை, டங் என்று கல்லில் பட்டு உருண்டு போய் ஆசாரியின் காலடியில் நின்றது. யாரோ ஒருத்தன், சடங்கு வீட்டில் எப்போதும் ஒருத்தன் இருப்பானே, "என்ன மாப்ளே, பிள்ளை வாரதுக்கு முன்னாடியே பாலாடை வந்துட்டுதே" என்றான். ஒரு சிரிப்பு ஓடிப் போயிற்று. சங்கிலி இல்லை. இல்லை என்றதும் கோமதிநாயகத்துக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. பையில் வைத்திருந்தால் வெறும் திருடன், வைக்காததால் கைதேர்ந்தவன். எங்கல வச்சிருக்க என்று கேட்டார். மாகாளி அவரைப் பார்த்தான். வாய் திறக்கப் போவது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆவுடை, காது இரண்டும் ரத்தப் பொட்டாக இருந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். அவளைக் கண்டதும் அவன் வாய் மூடிக்கொண்டது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டான். கடைசியில் பாலாடை. அதில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் வழித்தான், உள்பக்கம், வெளிப்பக்கம், மறுபடியும் உள்பக்கம். போய்விட்டான்.

திரைக்கு அப்பால் செல்லையா இன்னும் தலையைக் குனிந்தபடியே நின்றுகொண்டிருந்தான். அடுத்தது பொய்த்தடயம் என்றாள் அருள்செல்வி. வாசகரைத் தவறான வழியில் கூட்டிப் போகும் தடயம். செல்லையாவின் மௌனத்தைப் பாருங்கள். ஒருவர் பேசாமல் இருந்தால் அவர் குற்றவாளி என்று முடிவு கட்டலாமா? கட்டலாம் என்று கோமதிநாயகம் இங்கிருந்தே சொன்னார், உதட்டுக்குள். அவள் அதைக் கேட்கவா போகிறாள். கடிகாரத்தை யாரும் திருடவே இல்லை, மாணவர்களே. ராசப்பாவின் தங்கை தூசி தட்டும்போது கைதவறிப் போட்டு உடைத்துவிட்டாள். பயந்து நெல்லுக் குதிருக்குள் ஒளித்து வைத்தாள். செல்லையா அதைப் பார்த்துவிட்டான். கல்யாணம் நிச்சயமான பெண்ணைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல், பழியைத் தானே தாங்கி நின்றான். அப்படியானால் களவே நடக்கவில்லை. கோமதிநாயகத்துக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. ஊரை வேலை வாங்கிவிட்டுக் களவே இல்லை என்பதா. நாக்கு நாரைத் தொட்டு நின்றது. கல்லில் வைத்த சங்கிலி வழுக்கி வாய்க்காலுக்குள் போயிருக்கலாம். வாளிக் கயிற்றில் சிக்கிக் கிணற்றுக்குள் போயிருக்கலாம். பின்னால் கிணற்றைத் தூர்த்து வீட்டை விற்றாயிற்று, இனி எவன் பார்க்க. சரி, ராசப்பா ஏன் செல்லையாவையே பிடித்துக்கொண்டு நின்றார்? அவருக்கு என்ன நோக்கம் என்று அவள் கேட்டாள். கதையை நாம் ராசப்பாவின் கண் வழியாகவே பார்க்கிறோம், அவர் பார்க்க விரும்பாததை நாமும் பார்ப்பதில்லை. கட்டுக்குள் கண் குறுகுறுத்தது. கழற்றி வைத்தது யார். நான்தான் வைத்தேன். நான்தான் கழற்றினேன், நான்தான் கல்லில் வைத்தேன், கொட்டுச் சத்தம் கேட்டதும் நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பாவின் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாது. ஆவுடைக்கு அது தெரியும். தெரிந்தும் அவள் அவரைக் காட்டிக்கொடுத்தது இல்லை. ஒருபக்கம் புருஷன், ஒருபக்கம் தம்பி, நடுவில் வாயை மூடிக்கொண்டே வாழ்ந்து முடித்தாள். அவள் செத்த அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மாகாளி தெருவில் நின்றான். அவன் கையால் வேண்டாம் என்றார் கோமதிநாயகம். பெரியவர்கள் சண்டை போட்டார்கள். கடைசியில் வேறு ஒருத்தர் அந்தச் சேலையை வாங்கிக்கொண்டு வந்து அவள்மேல் போர்த்தினார். தம்பி தெருவிலிருந்தபடியே பார்த்தான். தலை நரைத்திருந்தான். அதைக்கூட அப்போது பார்க்காத மாதிரிதான் பார்த்தார்.

அங்கே யாரோ கேட்டைத் தட்டினார்கள், அருள்செல்வி எழுந்து போய்விட்டு வந்தாள், கேஸ்காரன் போலிருக்கிறது. பதிவை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். கதையில் வரிசை முக்கியம். எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை மாற்றி அடுக்கிவிட்டால் கதையே மாறிவிடும். அந்த வரியை அவள் இரண்டு முறை சொன்னாள், முதல் முறை நாக்குக் குழறிவிட்டது. எது முதலில். களவு முதலில் என்றுதான் அவர் அடுக்கி வைத்திருந்தார். முதலில் சங்கிலி போயிற்று. அப்புறம் ஒருநாள் யாரோ சொன்னார்கள், மாகாளிக்குத் தலைப்பிள்ளை தங்கவில்லை, பிறந்ததும் போய்விட்டது என்று. எப்போது என்று அவர் கேட்கவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்று, குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஆவுடையிடம் சொன்னார்: "எம்பிள்ளை கழுத்துல கிடந்ததை எடுத்தவனுக்குப் பிள்ளை தங்குமா?" அவள் திரும்பவில்லை. ஊதுவதை நிறுத்தினாள், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஊதினாள். அதற்குப் பிறகு அவள் தன் தம்பி பெயரைச் சொன்னதே இல்லை. அதற்கு முன்னால் ஒருமுறை சொன்னாள். காதுகுத்து முடிந்த மறு மாசம் அழுது பிடித்து ஊருக்குப் போய்விட்டு வந்து, பையைக் கூடக் கீழே வைக்காமல் நிலைப்படியில் நின்று, "அன்னைக்கு விடியக்காலம்தான்" என்று தொடங்கினாள். அவன் பேச்சை இந்த வீட்டில் எடுக்காதே என்று அவர் கத்தினார். அவள் பையை வைத்தாள். அந்தப் பேச்சு பாதியில் நின்றது, அன்றிலிருந்து நிற்கிறது. அன்னைக்கு விடியக்காலம்தான். அன்னைக்கு என்றால் என்னைக்கு. விடியக்காலம்தான் என்ன. எத்தனையோ தடவை அந்தப் பாதிப் பேச்சு மேலே வந்திருக்கிறது. வயலில், ஆலையில், எடைக்கல்லைத் தூக்கும்போது. அவர் அதைத் தின்னாத பண்டத்தை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கி வைத்துவிடுவார். இப்போது ஒதுக்கக் கையில்லை, புரளக்கூட முடியாது, அது நேராக நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பாலாடை. பாலாடை யாருக்கு வாங்குவார்கள். கணபதி அப்போது டம்ளரில் குடிக்கிறவன். பிறந்து வாய் திறக்கிற பிள்ளைக்குத்தான் பாலாடை, பிறக்காத பிள்ளைக்கு எவனும் வாங்கமாட்டான், வாங்கினால் பொம்பளைகள் கையிலேயே அடிப்பார்கள், பிறந்த பிறகுதான் எதையும் வாங்குவது. அப்படியானால் பிறந்துவிட்டது. அவன் பையோடு வந்தது வீட்டிலிருந்து இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து. பிறந்தது, பாலாடை வாங்கினான், விடியக்காலம்தான். நேரே கிணற்றடிக்குப் போய்க் கட்டின வேட்டியோடு எதற்குத் தலை முழுகுவார்கள், இது என்ன கோமதிநாயகத்துக்குத் தெரியாத காரியமா. பச்சைப்பிள்ளையைப் புதைத்துவிட்டு வருகிறவன் முழுகாமல் விசேஷ வீட்டு நிழலை மிதிக்கமாட்டான். முழுகினாலும் பந்தலுக்குள் வரமாட்டான், பிள்ளையைத் தொடமாட்டான், அந்த வீட்டில் கை நனைக்கமாட்டான். பின்னே எதற்கு வந்தான்? வராமல் இருந்தால் மாமன் சீர் இல்லாமல் அக்காள் மாமனார் வீட்டில் தலைகுனிந்து நிற்பாள். வந்து உண்மையைச் சொன்னால் அந்தக் கணமே கொட்டு நிற்கும், பந்தலைப் பிரிப்பார்கள். சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாத வரைக்கும் இல்லை. இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொந்தத் தங்கச்சி கல்யாணத்தன்றைக்கு அத்தை போன சேதியோடு வந்தவனை ஊர் எல்லையிலேயே மடக்கி, தாலி ஏறுகிற வரைக்கும் ஓடைக்கரையில் உட்கார்த்தி வைத்தவர் அவர்தான். ஊரில் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று பேசினார்கள். அதே கெட்டிக்காரத்தனத்தை இன்னொருத்தன் தன் நெஞ்சுக்குள்ளேயே செய்துகொண்டு ஈரத்தோடு எதிரில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை. பையை உதறினார். எங்கல வச்சிருக்க என்று கேட்டார். அவன் வாயைத் திறந்தான், அக்காளைப் பார்த்தான், மூடிக்கொண்டான். எங்கே வைத்தான். எங்கே வைத்துவிட்டு வந்தானோ அந்தக் கைமண் காய்ந்திருக்காது. அதன் பிறகு முப்பது வருஷம் கிட்ட, அவன் அதை எவரிடமும் சொல்லிக் கோமதிநாயகத்தின் முகத்தில் கரி பூசவில்லை. பிள்ளை தங்குமா என்று கேட்ட வாய் இது. அந்தக் கேள்வி ஆவுடை வழியாக அவன் காதுக்குப் போயிருக்குமா? போயிருக்காது. அவள் விழுங்கியிருப்பாள்.

மூச்சு இறைத்தது. இறைக்கக் கூடாது. கட்டுக்குள் சூடாக ஏதோ ஊறியது, அதுவும் கூடாது. அருள்செல்வி முடிச்சு அவிழ்தல் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ராசப்பா செல்லையாவைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாராம். கதையில் அது சுளுவாக நடந்துவிடுகிறது. நன்றி, மாணவர்களே. நாற்காலி நகரும் சத்தம். இப்போது போனை எடுப்பாள். மாகாளிக்குப் போட்டு வர வேண்டாம் என்பாள். அவன் சரிம்மா என்பான், அவனுக்கு அதைத் தவிர வேறு என்ன சொல்லத் தெரியும். கூப்பிட வேண்டும், ஏட்டி செல்வி என்று ஒரு குரல் போதும். என்ன சொல்லிக் கூப்பிடுவது. காலையில் அப்படிக் கத்தியவன் மத்தியானத்துக்குள் எந்த முகத்தோடு மாற்றிச் சொல்லுவான். மின்விசிறி சுற்றத் தொடங்கியது. காற்று வேர்வைமேல் பட்டதும் உடம்பு நடுங்கியது. திரை விலகி அவள் கண் மருந்தோடு வந்தாள். "என்ன மாமா, கட்டு நனைஞ்சிருக்கு" என்று பதறினாள். வேர்வைதான் என்றார். அவள் நம்பவில்லை, துணியால் ஒற்றினாள்.

"போன் போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"யாருக்கு மாமா?"

"அவனுக்குத்தான். வர வேண்டாம்னு சொல்லாத. வரச் சொல்லு. சோறு போட்டு அனுப்பணும்."

அருள்செல்வியின் கை ஒற்றுவதை நிறுத்தியது. அவள் முகம் அவருக்கு வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். இவுக தாய்மாமா காலையிலேயே வந்துவிட்டார். முதல் பஸ்ஸுக்கு வந்தாராம். அவள் மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது வாசப்படியில்தான் நின்றார். மாமா சொன்னது முழுக்கக் கேட்டது. கிழங்குக் கட்டை அவள் கையில் கொடுத்து, அத்தானுக்குப் பிடிக்கும், அவிச்சுக் குடு என்றார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தண்ணி குடிச்சானா?"

"குடுத்தேன். வேண்டாம்னுட்டாக. நான் வந்துட்டுப் போனது அவுக காதுல விழ வேண்டாம்மா, கண்ணு ஆபரேசன் ஆன உடம்பு, கோவப்பட்டாக் கெட்டுப்போகும்னு சொன்னாக."

நாக்கு கடைவாய்க்குப் போய் நாரைத் தொட்டது. அது அங்கேதான் இருந்தது. அவன் கொண்டுவந்தது. அவன் ஊர்த் தேரிக்காட்டு மண்ணின் இனிப்பு என்று நாக்கு காலையிலேயே சொல்லிற்று. இதையும் தாண்டித்தான் போயிருக்கிறார். உள்ளங்கையை விரித்து நீட்டினார். போன் என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் பிடித்தது. எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தாள். மணி போயிற்று. எடுத்ததும் முதலில் ஒரு ஆட்டின் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு வயசான ஒரு குரல், யாரு, செல்வியாம்மா, கிழங்கு வெந்துச்சா என்றது.

"நான்தான்" என்றார் கோமதிநாயகம்.

அந்தப் பக்கம் ஆடு மட்டும் கத்தியது. யாரோ அதை ஓட்டினார்கள். அப்புறம் மெதுவாக, அத்தான் என்றது குரல். அவர் சொல்ல நினைத்தது வேறு. காலையில் பேசினதை மனசில் வைக்காதே என்பது போல ஏதோ ஒன்றை உருட்டி வைத்திருந்தார். கோடிச் சேலை, பை, பந்தல் எல்லாம் அதில் இருந்தன. அதில் ஒன்றும் வெளியே வரவில்லை. வந்தது இதுதான்:

"அந்தப் பிள்ளை ஆணா பொண்ணா, மாப்ளே?"

எந்தப் பிள்ளை என்று மாகாளி கேட்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கேட்கவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் காதில் வந்து வந்து போயிற்று. அருள்செல்வி போனைப் பிடித்திருந்த கை வலித்து மறு கைக்கு மாற்றினாள்.

"பொண்ணு, அத்தான்."